கையில் பணம்... பிறகுதான் கயிறு!

ஆன்லைனில் வாங்கி, விற்கும் விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு நாற்பது வருடங்களாகப் போய் வருபவர் என் சித்தப்பா. பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்தே குளம்பில் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. இத்தனை வருடங்களில் சந்தையில் ஒருவரும் அவரை ஏமாற்றியது இல்லை.

அப்படிப்பட்டவர், போன புரட்டாசியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கால் மணி நேரத்தில் 27,000 ரூபாயைப் பறிகொடுத்தார். இத்தனைக்கும் அவர் எதையும் வாங்கவில்லை. பழைய பவர் வீடரை விற்பதற்காகத்தான் விளம்பரம் கொடுத்தார்.

ஆடு, மாடு, டிராக்டர், நாற்று, விதை என்று எல்லாவற்றையும் இப்போது செல்போன் மூலமாகவே வாங்குகிறோம், விற்கிறோம். தரகு கிடையாது, வண்டி வாடகை கிடையாது, பத்து மாவட்டம் தாண்டியும் ஆள் கிடைக்கும் என்பதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால், சந்தையில் கடைப்பிடிக்கும் ஜாக்கிரதையை செல்போனில் பலரும் கடைப்பிடிப்பதில்லை. மோசடிக்காரர்கள் நுழைவது அந்த இடைவெளியில்தான். சித்தப்பாவின் சம்மதத்தோடு, அவருக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘‘நீங்க சொன்ன விலையே தர்றேன்யா!’’

துறையூர் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. இதுதான் சித்தப்பா குடும்பத்தின் வாழ்வாதாரம். கல்லூரியில் படிக்கும் தங்கைதான் பவர் வீடரை போட்டோ எடுத்து, 32,000 ரூபாய் என்று விலை போட்டு, ஒரு விற்பனை ஆப்பில் பதிவிட்டிருக்கிறாள். அவள் கல்லூரிக்குப் போன பிறகு, சித்தப்பாவுக்கு ஓர் அழைப்பு வந்தது.

‘‘ஐயா, நான் ராணுவத்துல இருக்கேன். எங்க அப்பாவுக்கு பவர் வீடர் வாங்கித் தரணும். விலையெல்லாம் பேச வேணாம், நீங்க சொன்ன விலையே தர்றேன். நாளைக்கு வண்டி வந்து எடுத்துக்கும். பணத்தை இப்பவே போட்டுவிடுறேன்.’’

சுத்தமான தமிழ். ராணுவ உடையில் ஒரு போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் அட்டை என்று எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. பிறகு, ‘‘ராணுவத்துல பணம் அனுப்புற முறை வேறங்கய்யா. நான் ஒரு கியூ.ஆர் கோடு அனுப்புறேன். முதல்ல அஞ்சு ரூபாய்க்கு சோதிச்சுப் பார்ப்போம்’’ என்றிருக்கிறார். சித்தப்பா அந்தக் கோடை ஸ்கேன் செய்து, பின் நம்பரைப் போட்டார். 5 ரூபாய் போனது. அடுத்த நிமிடமே 10 ரூபாய் வந்தது. ‘‘பாத்தீங்களா... போட்டது டபுளா திரும்ப வரும்’’ என்றதும் நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த கோடு 16,000 ரூபாய்க்கு. ஸ்கேன் செய்து, பின் நம்பரைப் போட்டதும் பணம் போய்விட்டது. வரவில்லை. ‘‘அய்யய்யோ, சர்வர் பிரச்னைங்கய்யா! கணக்குல இன்னும் எவ்வளவு இருக்கு? அந்தத் தொகைக்கு இன்னொரு கோடு அனுப்புறேன். எல்லாம் சேர்ந்து திரும்பிடும்’’ என்று அவசரப்படுத்தியிருக்கிறார் அந்த ஆள். பதற்றத்தில் மறுபடியும் ஸ்கேன் செய்ததில் 11,000 ரூபாய் போனது. கணக்கில் மிஞ்சியது 400 ரூபாய். அதோடு அந்த நம்பர் அணைந்துவிட்டது.

போனது சும்மா கிடந்த பணமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்திருந்த சித்தியின் சங்கிலியை மீட்க, பால் பணத்தில் மாதாமாதம் சேர்த்து வைத்தது.

பணம் போனதைவிடப் பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. மூன்று நாள்கள் சித்தப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை. ‘‘சந்தையில ஊருக்கே மாடு பார்த்துக் குடுக்குறவன், போன்ல ஏமாந்துட்டேன்னு எப்படிடா சொல்றது?’’ என்று பிறகு என்னிடம் கேட்டார். நான்காம் நாள், பரீட்சைக் கட்டணம் கட்டுவதற்காகத் தங்கை கணக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உடனே புகார் கொடுத்தோம். அதற்குள் பணம் வேறு வேறு கணக்குகளுக்கு மாறி, ஏ.டி.எம்-மில் எடுக்கப்பட்டுவிட்டது.

பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

சித்தப்பா செய்த தவறைப் புரிந்துகொள்ள, வங்கிக் கிளையை நினைத்துப் பார்த்தால் போதும். உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டுமென்றால் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். உங்கள் கணக்கில் வேறு ஒருவர் பணம் கட்டுவதற்கு உங்கள் கையெழுத்து தேவையா? தேவையே இல்லை. கணக்கு எண் இருந்தால் அவர் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

யு.பி.ஐ முறையும் அதேதான். 2016-ம் ஆண்டு, இந்தியத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் கொண்டுவந்த இந்த முறையில், 4 அல்லது 6 இலக்க பின் நம்பர்தான் உங்கள் கையெழுத்து. பணம் அனுப்பவும், கணக்கில் உள்ள இருப்பைப் பார்க்கவும் பொதுவாக அது தேவை. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, லிங்க்கைத் தொட வேண்டியதில்லை, பின் நம்பர் போட வேண்டியதில்லை. உங்கள் போன் அணைந்து கிடந்தாலும், வர வேண்டிய பணம் கணக்குக்கு வந்துவிடும்.

ஆக, ‘பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பணம் எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். முதலில் வந்த 10 ரூபாய், தூண்டிலில் மாட்டிய புழு.

முன்பெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர், ‘எனக்கு இவ்வளவு பணம் கொடு’ என்று கேட்கும் கோரிக்கையை உங்கள் யு.பி.ஐ ஆப்புக்கு நேரடியாக அனுப்ப முடியும். அதை, பணம் வருகிறது என்று நினைத்து அழுத்தி ஏமாந்தவர்கள் ஏராளம். இதனால், தனிநபருக்குத் தனிநபர் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த வழி அடைபட்டாலும், கியூ.ஆர் கோடு, லிங்க் என்று மற்ற வழிகள் இருக்கின்றன. ‘தொகை என்ற இடத்தில் இந்த ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று சொல்லி 9,999 என்று போட வைப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியில் வந்தாலும், கடைசியில் உங்களை வைத்தே பணத்தை அனுப்ப வைப்பதுதான் அவர்கள் நோக்கம்.

விற்கும்போது...

‘பணம் போட்டாச்சு’ படம்: பணம் அனுப்பியதுபோலவே திரையில் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. பச்சை நிற டிக், உங்கள் பெயர், தொகை, நேரம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால், கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. ஆடு வாங்க வந்தவர் இந்தப் படத்தைக் காட்டிவிட்டு, ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். வாங்குபவரின் போனில் தெரிவது எதுவும் உங்களுக்குச் சாட்சி இல்லை. உங்கள் ஆப்பில் உங்கள் கையால் இருப்பைப் பாருங்கள். உயர்ந்திருந்தால் மட்டும் பொருளைக் கொடுங்கள்.

போலி குறுஞ்செய்தி: ‘உங்கள் கணக்கில் 25,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். வங்கியின் செய்தி, ஆங்கில எழுத்துகள் கொண்ட பெயரில் வரும். பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வந்தால் அது போலி. எப்படி வந்தாலும், செய்தியை மட்டும் நம்பாமல் இருப்பைப் பார்ப்பதே பாதுகாப்பு.

‘தெரியாமல் அதிகம் போட்டுவிட்டேன்’: 2,500 ரூபாய் அனுப்ப வேண்டியவர், ‘25,000 அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்சிருந்த பணம், மீதியை உடனே அனுப்பிடுங்க’ என்று அழுவார். போலி குறுஞ்செய்தியும் வந்திருக்கும். இரக்கப்பட்டு அனுப்பினால், போவது உங்கள் சொந்தப் பணம்.

‘இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை’: வாழைத்தார், மஞ்சள், தேங்காய் என்று மொத்தமாக விற்பவர்களிடம் இந்த வேலை நடக்கிறது. லோடு ஏற்றிய பிறகு ஒரு ரசீதைக் காட்டி, ‘பணம் அனுப்பியாச்சு. பேங்க் லீவு, திங்கட்கிழமை ஏறிடும்’ என்பார்கள். நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதலும், 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ் முறை 2020 டிசம்பர் முதலும், வருடத்தின் எல்லா நாள்களிலும் இரவு பகலாக இயங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமையானாலும் தீபாவளியானாலும் பணம் ஏறும். ஏறவில்லை என்றால், லாரி நகரக் கூடாது. காசோலை என்றால், அது பாஸாகிப் பணம் கணக்கில் சேரும்வரை வெறும் காகிதம்தான்.

வேறு ஒருவர் கணக்கிலிருந்து வரும் பணம்: இது புதுமாதிரியான தொல்லை. மோசடிக்காரர் உங்களிடம் ஆடு வாங்குவார். பணத்தை, இன்னொரு ஊரில் தான் ஏமாற்றும் ஒருவரை வைத்து உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்வார். பணம் உண்மையாகவே வரும், ஆடும் போய்விடும். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும், உங்கள் கணக்கில் அந்தத் தொகை முடக்கப்படும். சில நேரங்களில் கணக்கே முடங்கிப்போகும். ஆகவே, பணம் அனுப்பியவரின் பெயரும், வாங்க வந்தவரின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால், காரணம் தெரியும்வரை பொருளைக் கொடுக்காதீர்கள். பொருள் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டிலாவது கையெழுத்து வாங்கி, வண்டி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது...

பாதி விலைக்கு முர்ரா எருமை: ‘ஒரு வேளைக்கு 10 லிட்டர் பால் கறக்கும், விலை சந்தையில் பாதி, வீட்டுக்கே கொண்டு வந்து இறக்குகிறோம்’ என்று வட மாநிலப் பண்ணைகளின் பெயரில் வீடியோக்கள் உலவுகின்றன. மாடு உண்மையானதுதான். ஆனால், வீடியோ வேறு யாருடையதோ. முதலில் முன்பணம் கேட்பார்கள். கட்டியதும், ‘மாடு ஏற்றியாச்சு, லாரி வாடகை போடுங்க’ என்பார்கள். அடுத்து இன்ஷூரன்ஸ், அதற்கடுத்து செக்போஸ்ட். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போகும், மாடு மட்டும் வராது. ‘இவ்வளவு கட்டிட்டோம், இதையும் கட்டிட்டா மாடு வந்துடும்’ என்ற நினைப்புதான் அவர்களுக்கு மூலதனம்.

கறவை மாட்டை நேரில் பார்க்காமல், இரண்டு வேளை கறந்து பார்க்காமல் சந்தையிலோ, பக்கத்து ஊரிலோ வாங்குவோமா? அதே விதிதான் இங்கும். தூரமாக இருந்தால், நாலு பேர் சேர்ந்து ஒருவரை அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன், நேரலை வீடியோ அழைப்பில் மாட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதன் காதில் உள்ள மஞ்சள் தோட்டின் 12 இலக்க எண்ணை நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். போலி ஆள் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவார்.

பழைய டிராக்டர்: பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் ‘எம்-பரிவாகன்’ ஆப்பில் போட்டுப் பாருங்கள். வண்டியின் மாடல், பதிவு தேதி, வங்கிக் கடன் இருக்கிறதா போன்ற விவரங்கள் தெரியும். ஆர்.சி புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவர் கையெழுத்திட வேண்டும். வண்டியையும், அசல் ஆவணங்களையும், உரிமையாளரையும் ஒரே இடத்தில் பார்க்காமல், ‘டோக்கன்’ என்று 500 ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

மானியத்தில் சோலார் பம்ப்செட்: பி.எம் குசும் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் நடத்தி, ‘பதிவுக் கட்டணம்’ வசூலிக்கும் கும்பல்கள் பற்றி, மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் சோலார் பம்ப்செட், பவர் டில்லர் போன்றவற்றுக்கான மானியம் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் வழங்கப்படுகிறது. செல்போனில் யாராவது மானியம் என்றால், அந்தத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆப்: ‘பி.எம் கிசான் தவணை நின்றுவிட்டது, இந்த ஆப்பை ஏற்றுங்கள்’ என்று, ஏ.பி.கே என முடியும் கோப்பு வரும். திருமணப் பத்திரிகை, வாகன அபராதம் என்ற பெயர்களிலும் வரும். அதை ஏற்றினால், உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி-யை எங்கோ இருப்பவர் படித்துவிடுவார். வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஆப்பையும் ஏற்ற வேண்டாம். ‘திரையைப் பகிருங்கள்’ என்று சொல்பவருக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

விதை, பூச்சிக்கொல்லி: விதை விற்பவர் 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படியும், பூச்சிக்கொல்லி விற்பவர் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படியும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண், குவியல் எண்ணுடன் கூடிய பில் தருவாரா என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி எண் கொடுத்தால், ஜி.எஸ்.டி இணையதளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். அதில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. ‘கோயம்புத்தூர் கம்பெனி’ என்று சொல்பவரின் எண் வேறு இலக்கத்தில் தொடங்கினால், விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பணம் அனுப்பும்போது, பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் தெரியும் பெயரைக் கட்டாயம் படியுங்கள். பெறுபவர் வைத்துக்கொண்ட பெயரைக் காட்டாமல், வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்பது 2025 ஜூன் மாத இறுதியிலிருந்து விதி. பேசியது ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்றால், நிறுத்திவிடுங்கள்.

பணம் போய்விட்டால்... முதல் மணி நேரம்!

நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண் 1930. இதை எல்லோரும் போனில் பதிந்து வைக்க வேண்டும். இந்த எண்ணில் புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இருந்தால் முடக்கி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால், தகவல் அங்கே போகும். மடை உடைந்து ஓடும் தண்ணீரைப் பக்கத்து வயலிலேயே மறிக்கலாம், ஆற்றில் கலந்த பிறகு மறிக்க முடியாது. அதனால், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

* உடனே 1930-க்கு அழையுங்கள். கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
* வங்கிக்குத் தகவல் சொல்லி, யு.பி.ஐ, ஏ.டி.எம் அட்டை ஆகியவற்றை முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
* ‘சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி டாட் இன்’ என்ற மத்திய அரசு இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரிலும் கொடுக்கலாம்.
* வாட்ஸ்அப் உரையாடல், கியூ.ஆர் கோடு, அழைப்புப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அழிப்பது, சாட்சியை அழிப்பது போல.
* பிறகு, ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைத்தால், அதுவும் மோசடிதான். 1930-ல் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

2017-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ, வங்கியின் தவறோ இல்லாமல் வெளியிலிருந்து நடந்த மோசடியை, தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், நஷ்டம் உங்களைச் சேராது. ஆனால், பின் நம்பர், ஓ.டி.பி ஆகியவற்றை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன நஷ்டம் உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பதற்கு வங்கி பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும், சீக்கிரம் சொல்வதுதான் லாபம்.

வீட்டில் பேசி வைக்க வேண்டியவை

* யு.பி.ஐ-க்குத் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அதில் சில ஆயிரங்களை மட்டும் போட்டு வையுங்கள். விளைபொருள் பணம், நகைக்கடன் பணம், சேமிப்பு எல்லாம் யு.பி.ஐ இணைக்காத கணக்கில் இருக்கட்டும்.
* 2,000 ரூபாய்க்கு மேல் முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் முன், வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவிட்டு அனுப்புவது என்று வழக்கப்படுத்துங்கள். சத்தமாகச் சொல்லும்போதே பாதி மோசடி புரிந்துவிடும்.
* யாராவது ஏமாந்துவிட்டால் திட்டக் கூடாது. முதலில் 1930, பேச்சு அப்புறம்.

வாசகர்கள் கேட்டவை

‘‘நான் பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். எனக்கு இந்தப் பிரச்னை வராதுதானே?’’
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

லிங்க், கியூ.ஆர் கோடு தொல்லை உங்களுக்குக் குறைவு. ஆனால், போலி குறுஞ்செய்தியும், ஓ.டி.பி கேட்கும் அழைப்பும் பட்டன் போனுக்கும் வரும். வங்கி ஊழியர் என்று சொன்னாலும், ஓ.டி.பி, ஏ.டி.எம் அட்டையின் எண்கள் ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# என்று அழுத்தி, இணையம் இல்லாமலே இருப்பைப் பார்க்கலாம். பெரும்பாலான வங்கிகளில் ‘மிஸ்டு கால்’ கொடுத்து இருப்பு அறியும் வசதியும் உண்டு. அந்த எண்ணைக் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆடு, மாடு விற்கும்போது, இருப்பைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

‘‘இரண்டு கிடா விற்ற பணம் கணக்குக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து, மோசடிப் பணம் என்று சொல்லி கணக்கை முடக்கிவிட்டார்கள். என்ன செய்வது?’’
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

எந்த மாநிலத்தின், எந்தக் காவல் நிலையப் புகாரால் முடக்கப்பட்டது, புகார் எண் என்ன, எவ்வளவு தொகை என்ற விவரங்களை வங்கிக் கிளையில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கிடா விற்றதற்கான விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், வண்டி எண், பார்த்த சாட்சிகள் என்று இருப்பதையெல்லாம் சேர்த்து, அந்தக் காவல் நிலையத்துக்கும், உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் விளக்கக் கடிதம் கொடுங்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, மீதிக் கணக்கை விடுவிக்கும்படி கேளுங்கள். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாள்களில் சரியான பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

‘‘உண்மையாகவே யாரோ தவறுதலாக என் கணக்கில் 8,000 ரூபாய் போட்டுவிட்டார். திருப்பி அனுப்பலாமா?’’
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அவர் போனில் சொல்லும் வேறு எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அவரது வங்கியில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் கிளைக்குப் போய் எழுத்து மூலமாகத் தகவல் கொடுத்துவிடுங்கள். வங்கிகள் வழியாகவே பணம் திரும்பட்டும். அதுவரை அந்தப் பணத்தைச் செலவு செய்யாதீர்கள்.

‘‘போனது 1,800 ரூபாய்தான். இதற்கெல்லாம் புகாரை ஏற்பார்களா?’’
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

தயங்காமல் கொடுங்கள். உங்களிடம் 1,800 ரூபாய் எடுத்தவர், அதே நாளில் நூறு பேரிடம் எடுத்திருக்கலாம். ஒரே எண், ஒரே கணக்கு மீது பல புகார்கள் சேரும்போதுதான் அந்தக் கணக்கு சிக்குகிறது. ஆன்லைனில் வாங்கிய பொருள் வரவில்லை, மட்டமாக வந்தது என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யலாம்.

சித்தப்பாவின் 27,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. சித்தியின் சங்கிலி, இந்தத் தை மாதம்தான் மீண்டது. பவர் வீடரை உள்ளூர்க்காரர் ஒருவர் 29,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்.

கடந்த மாதம், மறுபடியும் ஒரு கிடாரிக்கு விளம்பரம் போட்டார்கள். ‘பணம் போட்டுட்டேன், பாருங்க’ என்று வந்தவர் தன் போனை நீட்டியிருக்கிறார். சித்தப்பா அதைத் திரும்பியே பார்க்கவில்லை. தன் போனில் இருப்பைப் பார்த்து, தங்கையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி, அதன் பிறகுதான் கிடாரியின் கயிற்றை அவிழ்த்தார்.

‘‘சந்தையில என்ன செய்வோம்? பணத்தை எண்ணி மடியில கட்டின பிறகுதானே கயித்தைக் கைமாத்துவோம். போன் வந்ததும் அதை மறந்துட்டேன். நம்ம பத்திரிகையில எழுதுடா... நாலு பேரு படிச்சுப் பிழைச்சுக்கட்டும்’’ என்றார் சித்தப்பா.

எழுதிவிட்டேன். நீங்கள் படித்துவிட்டு, வீட்டில் பெரியவர்களுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.